எச்சில் பட்ட மீனெண்ணெய்

சாட்டையின் முதல் வீச்சு தோளைக் கிழித்தபோது கெம்பம்மா கத்தவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையும் கத்தவில்லை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

"தொழுவத்துக்குள்ள நொழைய உனக்கு எவ்ளோ தைரியம்டி?" ராமப்பன் மறுபடி கையை ஓங்கினார். பேரிகை ஊர்ப் பக்கத்தில் பாதி நிலம் அவருடையது.

கெம்பம்மாவின் பார்வை சுவர் மாடத்திலிருந்த ஐந்து பாட்டில்களைவிட்டு நகரவில்லை. மீனெண்ணெய். சேரிப் பிள்ளைகளுக்கென்று கிருஷ்ணகிரி நர்சம்மா பஸ்ஸில் கொண்டுவந்து, பெரிய வீடாயிற்றே என்று நம்பி இங்கே கொடுத்துவிட்டுப் போனது. தினம் ஒரு சின்னக் கரண்டி உள்ளே போனால் கண் தெளியும், அம்மை வந்தாலும் உடம்பு எதிர்த்து நிற்கும் என்று சொல்லியிருந்தாள். கேட்டபோதெல்லாம் ராமப்பன் சர்க்கார் அனுப்பவில்லை என்று கைவிரித்தார். எருது விடும் விழாவுக்காக அவர் காளையைத் தெருவில் ஓட்டிப் பழக்கியபோதுதான் குட்டு உடைந்தது. தோல் பளபளத்தது. புல் தின்கிற மாட்டின் வாயில் மீன் வாடை.

போன வருஷம் அம்மையில் மூத்தவனைப் புதைத்தவள் கெம்பம்மா. இப்போது கைக்குழந்தைக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை. பக்கத்துக் குடிசைக்கு அம்மை வந்தாயிற்று.

"எம் புள்ளைக்கு வந்ததுங்க சாமி. குடுத்துருங்க."

"காளை ஜெயிச்சா ஊருக்குப் பேரு. உம் புள்ள பொழச்சா யாருக்குடி பேரு?"

இரண்டாவது அடியில் முதுகு பிளந்தது. மூன்றாவதில் காதுமடல் கிழிந்து ரத்தம் குழந்தையின் தலையில் சொட்டியது. அவளைப் பிடித்து நிறுத்தவேண்டுமென்றால் தொடவேண்டும். அதனால் சாட்டை மட்டுமே பேசியது. கெம்பம்மா எட்டி ஒரு பாட்டிலைப் பிடுங்கி, தக்கையைப் பல்லால் கடித்துத் துப்பி, குழந்தையின் வாயில் சரித்தாள்.

சாட்டை அந்தரத்தில் நின்றது.

வாசலில் நின்ற ராமப்பனின் மனைவி சரோஜம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "எச்சி பண்ணிட்டாளே. இனி அது காளைக்கு ஆவாதுங்க. சாமிக்கு நேந்த மாடு. தீட்டு எண்ணெய வீட்லயும் வெக்காதீங்க."

அதை மீற ராமப்பனுக்கும் துணிவில்லை. "எடுத்துக்கிட்டு ஒழி," என்று சாட்டைக் கோலால் அவளை நெட்டித் தள்ளினார்.

குழந்தையையும் பாட்டிலையும் விடாமல் விழுந்தவள் எழுந்தாள். வாசல் பக்கம் திரும்பவில்லை. மாடத்துக்கு நேராகப் போய், மிச்ச நாலு பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் கண்ணெதிரே வாய்வைத்து நக்கினாள். அடி மறுபடி விழுந்தது. கடைசிப் பாட்டிலை நக்கி முடிக்கும்வரை விழுந்துகொண்டே இருந்தது.

பிறகு துப்பிய தக்கையையும் பொறுக்கி, ஐந்தையும் மூடி மடியில் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் தீட்டாயிடுச்சுங்க சாமி," என்றாள் பணிவாக. "சேரிக்கே எடுத்துக்கிட்டுப் போறேன்."

யாரும் தடுக்கவில்லை. அவள் தங்கள் மேலே பட்டுவிடாமல், ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.