உதறிவிட்டுப் போகும் இடம்

"மாமா, உங்களுக்கு ரொம்ப…" என்று அப்பாவின் பழைய கூட்டாளி டோமிங்கிடம் எர்லிண்டா ஆரம்பித்ததுமே சோலெங் அத்தை அவள் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வாயை மூடுடி! உங்கப்பன் இன்னும் பெட்டியில படுத்திருக்கான், அதுக்குள்ள நன்றி சொல்ல வந்துட்டா. இன்னொரு சாவை வீட்டுக்குக் கூப்பிடறியா?"

கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குவைத்தில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்ததில் எர்லிண்டாவுக்கு ஊர் வழக்கம் மறந்துதான் போயிருந்தது. மம்புலாவோவில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கூடாது. வாசல் வரை போய் வழியனுப்பவும் கூடாது.

டோமிங் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "விடு சோலெங். உன் அண்ணனே முப்பது வருஷமா எனக்கு நன்றி சொன்னதில்ல. என் சண்டைச் சேவலைத் திருடித் தின்னான், அவ்வளவுதான்."

இந்த மனுஷர் இல்லையென்றால் அப்பாவுக்கு அந்த முப்பது வருஷமே இல்லை. சுரங்கத்தை மூடிய பிறகு ஊர் ஆண்கள் கடலோரச் சேற்றுக்குழிகளில் தங்கம் தேடினார்கள். அப்பா காற்றுக்குழாயை வாயில் கடித்துக்கொண்டு கலங்கல் தண்ணீருக்குள் முங்குவார். மேலே காற்று இயந்திரத்தை டோமிங் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் குழியின் கரை சரிந்தது. மற்றவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். டோமிங் இயந்திரத்தை ஓடவிட்டு, குழாய் போன வழியைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையால் தோண்டினார். அப்போது எர்லிண்டா அம்மா வயிற்றில் மூன்று மாசம். அவளுக்கு ஓர் அப்பா கிடைத்தது அந்தக் கைகளால்தான்.

அதை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். மத்தியானப் பஸ்ஸில் டோமிங் தாவாவோவிலிருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போகிறார். எண்பத்திரண்டு வயசு. அவளோ அடக்கம் முடிந்த மறுநாள் விமானம் ஏற வேண்டும். இனி எங்கே பார்க்கப்போகிறாள்?

டோமிங் பெட்டியின் கண்ணாடியைத் தடவினார். "திருட்டுப் பயலே, முந்திக்கிட்டியேடா."

பிறகு பொதுவாகச் சொன்னார்: "நேரா பஸ் ஏறக் கூடாது. பேக்கரியில கொஞ்ச நேரம் உட்காந்து, சாவு நிழலை உதறிட்டுத்தான் போகணும்."

அவர் படியிறங்கிப் போனார். வழக்கப்படி யாரும் எழுந்திருக்கவில்லை.

எர்லிண்டா அடுக்களைக்குள் போனாள். பின்கதவு திறந்திருந்தது.

"அத்தை, சர்க்கரை தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வரேன்."

சோலெங் அத்தை டப்பாவைத் திறந்து பார்த்தாள். விளிம்பு வரை இருந்தது. டப்பாவை மூடினாள்.

"ஆமா, தீர்ந்துபோச்சு. ஓடு, பஸ் வந்துடும்."

செருப்புப் போடவும் தோன்றாமல் தென்னந்தோப்பு வழியாக ஓடினாள். பேக்கரி வாசல் பெஞ்சில் டோமிங் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு காப்பி. ஒன்றைத் தட்டால் மூடி, மேலே ஒரு ரொட்டி வைத்திருந்தார்.

"என்னடி இவ்வளவு நேரம்? ஆறிப்போச்சு பாரு."

பெரியவர்களிடம் ஆசி வாங்கும் ஊர் வழக்கப்படி எர்லிண்டா அவர் வலக்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அன்று பெயர்ந்து போன நகங்கள் கோணலாகத்தான் முளைத்திருந்தன.

"இப்ப சொல்லு" என்றார். "இங்க தடையில்ல."

"எனக்கு அப்பாவைக் கொடுத்தீங்க மாமா. நன்றி. ரொம்ப நன்றி…" அதற்கு மேல் அழுகை விடவில்லை.

"சரி சரி. ரொட்டியைத் தின்னு" என்றார்.

பஸ் வந்தது. எர்லிண்டா பையைத் தூக்கிப்போய், அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பஸ் கடற்கரை வளைவில் மறையும் வரை வெறுங்காலோடு நின்று கையசைத்தாள்.

பிறகு பக்கத்துக் கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கினாள்.