ஃபேன் காற்றில் காய்ந்த பாஸ்தா

பஸ் ஓட்டி ஓய்வு பெறும்வரை வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷன். இப்போது மாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைகிறார், கட்டையால் தேய்க்கிறார், நாடா நாடாவாக நறுக்குகிறார். எல்லாம் செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நறுக்கிய பாஸ்தாவைக் காயப்போட அவர் விட்டுவைத்த இடமே இல்லை. நாற்காலி முதுகில், துணி உலர்த்தும் கம்பியில், கழுவித் துடைத்த ஒட்டடைக் கம்பில்கூடத் தொங்கியது. அவர் மனைவி சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி குனிந்து குனிந்து நடமாட வேண்டியிருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றாளே, அதுதான் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. இதே அடுப்பில் காலமெல்லாம் வெந்தவளுக்கு யார் என்ன போட்டார்கள்? "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்பார் அவர். "ஆமாம்மா" என்று ஒத்து ஊதுவாள் மகள். நன்றாக இருந்த நாட்களில் இருவரும் ஒரு வார்த்தை பாராட்டாமல் சாப்பிட்டு எழுந்து போனார்கள்.

அந்த மகள்தான் வெளியூரிலிருந்து போன் செய்தாள். மசக்கை. எதைத் தின்றாலும் வாந்தி.

"அம்மா, அப்பா பாஸ்தா இருந்தா கொடுத்தனுப்பச் சொல்லேன். அது மட்டும் இறங்கும்போல இருக்கு."

பிள்ளைத்தாய்ச்சி அம்மா கைச் சோற்றுக்கு ஏங்குவாள் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். மனுஷனுக்கோ தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மாவு பிசைந்து காயப்போட்டு, டப்பாவைக் கொடுத்தனுப்பப் பழைய சகா யாராவது அந்த ஊருக்கு வண்டி எடுக்கிறானா என்று கேட்கக் கிளம்பிவிட்டார்.

"ஃபேனைப் போட்டுடாத. மேல மட்டும் காஞ்சு உள்ள ஈரம் நின்னுடும். அப்புறம் விரிசல் விட்டு நொறுங்கிடும். தானா மெதுவாக் காயணும்" என்று வாசலில் நின்று பாடம் நடத்திவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் ஃபேனைப் போட்டாள், முழு வேகத்தில். நாடாக்கள் படபடவென்று ஆடின. நொறுங்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அணைத்தாள்.

"பரவாயில்லையே, அதுக்குள்ள காஞ்சிடுச்சு" என்று தொட்டுப் பார்த்துப் பூரித்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்கால வண்டியிலேயே டப்பா போய்விட்டது.

மறுநாள் மகள் கூப்பிட்டபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"டப்பாவைத் திறந்தா ஒண்ணுகூட முழுசா இல்லம்மா. எல்லாம் தூள் தூளா கெடக்கு."

"அடடா" என்றாள். உள்ளுக்குள் இனித்தது. "போனாப் போகுது விடு. நான் கிளம்பி வர்றேன். உனக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடறேன்."

"ஐயோ வேணாம்மா. உன் சமையல் வாசனையை நெனச்சாலே கொமட்டுது." மகள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அம்மாவிடம் அப்படித்தான். "அந்தத் தூளை சூப்புல போட்டேன். கஞ்சி மாதிரி ஆயிடுச்சு. இருந்தாலும் அதைத்தான் குடிச்சேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. மனசு ஒடைஞ்சிடுவாரு, பாவம். முழுசா வந்துச்சு, ருசியா இருந்துச்சுன்னு சொல்லும்மா. எனக்காக."

தலையைத் துவட்டிக்கொண்டே அவர் வந்தார். "யாரு, பாப்பாவா? என்ன சொன்னா?"

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"முழுசா வந்துச்சாம். ருசியா இருந்துச்சாம்."

அவர் சின்னப் பையன்போலச் சிரித்தார். உடைத்தவளும் தானே, அதை மூடி மறைப்பவளும் தானே என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. தன் சாப்பாட்டுக்காக இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லையே என்றுதான் வயிறு எரிந்தது.