இருபது றாத்தல் காற்று

அழகரத்தினம் வேனின் பின்டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வால்வை ஆணியால் அழுத்திக் காற்றை இறக்கினான். நெல்மூட்டை ஏற்றும் நாளில் நாற்பது றாத்தல் அடிப்பவன். இன்றைக்குச் சுமை ஒரே ஒரு ஆள். வயல்வட்டையில், வெட்டிய கதிரைக் குவித்த நெற்சூட்டின் உச்சியிலிருந்து மல்லாக்க விழுந்த சாமித்தம்பி. முதுகெலும்பில் அடி, குலுங்காமல் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஊர் மருந்துச்சாலை அப்போதிக்கரி சொல்லியிருந்தார். வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவனைக் கிடத்திச் சேலையால் கட்டியிருந்தார்கள்.

நாற்பதோடு ஓடினால் கிரவல் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகில் இடிக்கும். அதிகம் இறக்கினால் டயர் ரிம்மில் வெட்டுப்படும். காற்றுப் பார்க்கும் மானி அவனிடம் இல்லை. உள்ளங்கையால் அமத்திப் பார்த்து, இருபது வரும் என்று பட்டபோது நிறுத்தினான்.

வழி முழுக்க இராசாத்தி புருசனின் கால் பெருவிரலைக் கைக்குள் வைத்திருந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம், "ஆட்டுங்க மச்சான்" என்பாள். விரல் அசையும்.

"ஆட்டுறாரா கா?" என்று அழகரத்தினம் கேட்பான்.

"ஓம்."

காற்றைச் சரியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று அவனுக்குச் சந்தோசமாக இருந்தது.

பாலத்தடிச் சென்றிக் காவலரணில் ஆமிக்காரன் முதலில் டயரைத்தான் பார்த்தான்.

"மூணு பேர்தானே? டயர் ஏன் பதியுது? உள்ளுக்கு என்ன சாமான்?"

அழகரத்தினம் தெரிந்த சிங்களம் முழுவதையும் சொன்னான். முதுகு, குலுங்கக் கூடாது, நான்தான் காற்றை இறக்கினேன். வேண்டுமென்று யாராவது காற்றை இறக்குவானா என்று அவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் இறங்கவேண்டும், கதவும் இறங்கவேண்டும். இராசாத்தி காலில் விழுந்தாள். துவக்குக்கு முன்னால் வேறு என்னதான் செய்வது? இரண்டு பேர் சேலையை அவிழ்த்து, சாமித்தம்பியைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி மணலில் குந்தவைத்தார்கள். அவன் ஒருமுறை கத்தினான். சீட்டுகளைக் கழற்றினார்கள், கதவைத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

போகவிடும்போது அதே ஆமிக்காரன் டயரைச் சப்பாத்தால் தட்டி, காற்றடித்துக்கொண்டு போ, டயர் பழுதாகிவிடும் என்று நல்லமாதிரித்தான் சொன்னான். சொல்லைக் கேளாமல் வேனை எடுக்க அழகரத்தினத்துக்குப் பயம். கால்பம்பை எடுத்து மிதித்தான்.

உள்ளே, திரும்பவும் கதவில் கட்டி ஏற்றிய சாமித்தம்பியின் பெருவிரலை இராசாத்தி பழையபடி கைக்குள் எடுத்திருந்தாள்.

"ஆட்டுங்க மச்சான்."

"ஆட்டிக்கிட்டுத்தானே இரிக்கன்" என்றான் சாமித்தம்பி.

விரல் அவள் கைக்குள் அப்படியே கிடந்தது. வெளியே பம்பை மிதித்துக்கொண்டே, "ஆட்டுறாரா கா?" என்று அழகரத்தினம் கேட்டான்.