லஹ்சன் திருப்பி வைத்த கடிகாரம்

நோன்பு திறக்கும் சங்கு ஊதுவதற்குள் ஃபெஸ் நகரத்து இனிப்புக் கடையின் ஆர்டர் காசாபிளாங்கா சமையற்கூடத்துத் திரையில் வந்து விழவேண்டும். இல்லாவிட்டால் கடைகளின் தலைவி யாம்னா ஆர்டர் வாங்கப் பழையபடி போனுக்கே திரும்பிவிடுவாள். கிஸ்லான் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய புரோகிராம் குப்பைக்குப் போகும்.

கிளைக்கு ஒரு சர்வர். தனித்தனிக் குடித்தனம்தான், ஆனாலும் ஒரே குடும்பம். அவற்றுக்கு நடுவில், வரும் செய்திகளை வரிசையில் நிறுத்தி உரிய இடத்தில் சேர்க்கும் புரோக்கரைக் கிஸ்லான் இணைத்திருந்தாள். இணைப்பெல்லாம் சரிதான். ஃபெஸிலிருந்து கிளம்பிய ஆர்டர்கள் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தன.

"பிழை என் பக்கம் இல்ல, லல்லா," என்றான் போனில் லஹ்சன், மரியாதை குறையாமல். ஃபெஸ் சர்வர் அவன் பொறுப்பு. நோன்பு நாளின் சாயங்காலத்தில் எவன்தான் தன் பக்கம் பிழை என்பான்?

கிஸ்லான் மறுபடி துருவினாள். ஆர்டர்கள் வராமல் இல்லை. வந்தவற்றைக் காலாவதி என்று புரோக்கர் தள்ளிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு மேல் பழசானால் தூக்கிப் போடு என்று அதற்குச் சொல்லிவைத்தவளே அவள்தான்.

"லஹ்சன், உங்க சர்வர்ல இப்ப மணி என்ன?"

"ஊர் மணிதான். ரமலானுக்கு அரசாங்கம் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளுச்சில்ல? இந்தப் பழைய சர்வருக்கு அது உறைக்கவே இல்ல. சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், சர்வர், எல்லாத்தையும் நானே திருப்பி வெச்சேன்!"

கிஸ்லான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மணியையா திருப்புனீங்க? நேர மண்டலத்தையில்ல மாத்தணும்! உலகக் கணக்குல உங்க சர்வர் ஒரு மணி நேரம் பின்தங்கிக் கிடக்கு. நீங்க சுடச்சுட அனுப்புற ஆர்டர் இங்க வரும்போதே ஊசிப்போகுது!"

"அப்ப பிழை கடிகாரத்துப் பக்கம்," என்றான் லஹ்சன்.

சரிசெய்து அவன் மறுபடி அனுப்பியதும் திரையில் ஒரு வரி விழுந்தது: தேனில் தோய்த்த ஷெபகியா இனிப்பு, எள் தூக்கலாக. தேன் சட்டியருகே நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். கிஸ்லானுக்குக் கண் நிறைந்துவிட்டது.

யாம்னா மட்டும் தன் போனை எடுத்து ஃபெஸுக்கு அடித்தாள். மறுபடியும் போன் ஆர்டர்தானா என்று கிஸ்லான் நெருங்கி வந்தாள்.

"அடேய் லஹ்சன், உங்க ஊர்ல எங்களுக்கு முன்னாடியே பொழுது சாஞ்சு மக்ரிப் ஆயிருக்குமே, இன்னும் நோன்பு திறக்காம என்னடா பண்ற? முதல்ல பேரீச்சம்பழத்த வாயில போடு!"

போனை வைத்துவிட்டுக் கிஸ்லானைப் பார்த்தாள்.

"ஆர்டருக்கு இனி உன் பெட்டி போதும்டி. போன் இவனத் திட்டுறதுக்கு."