முள் காட்டிய பன்னிரண்டு

என் கொழுந்தனுக்கு இன்ஜின் அறையில் இருக்கும் வேகமானிதான் தெய்வம். பயணிகள் படகை ஓட்டுவது நான். கீழே இன்ஜினைப் பார்த்துக்கொள்வது அவர். முள் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் அவர் முகமும் இறங்கிவிடும்.

அன்று நான்கு மணிப் பேருந்தில் அவர் மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறாள். இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வருவாள். பேருந்து நிற்பது எங்கள் படகுத்துறை வாசலில். மணி மூன்று இருபது, இன்னும் மூன்று கிலோமீட்டர்.

"வந்துட்டே இருக்கேன்மா. பன்னெண்டுல வர்றேன், கால் மணி நேரம்" என்று அவர் போனில் சொன்னது மேலே எனக்கே கேட்டது. அவளுடைய பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் இதையேதான் சொல்வார். போய்ச் சேரும்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்குப் பிறகு நதி எங்களுக்கு எதிராகப் பாய்ந்துகொண்டிருந்தது. முள் காட்டும் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பது தண்ணீரைப் பொறுத்துப் படகு போகும் வேகம். அதில் எட்டை நீரோட்டம் பின்னுக்கு இழுத்தது. என் போனில் தெரிந்த தரைவேகம் நான்குதான். கரைச் சாலையில் குடையோடு நடந்த ஒரு பெரியவர் எங்களை முந்திப் போனார்.

படகைக் கரையோரமாகத் திருப்பினேன். அங்கே ஓட்டம் குறைவு, ஆழமும் குறைவு; வேகமாகப் போனால் தரை தட்டும்.

"தம்பி, எட்டுக்கு இறக்குங்க" என்று கீழே குரல் கொடுத்தேன்.

"இன்னிக்கா அண்ணி? போன வாரம் நான் பேசினதுக்குப் பழி வாங்க வேற நாள் கிடைக்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "இறக்கிட்டு மேல வந்து பாருங்க."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். இருபது வருடத்தில், படகு ஓடும்போது அவர் கரையைப் பார்த்ததே இல்லை. நான் குடைக்காரரைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவரை எட்டிப் பிடித்தோம், பிறகு மெல்லத் தாண்டினோம்.

"எட்டுதானே வெச்சிருக்கேன்?"

"இங்க தண்ணி ரெண்டுதான் இழுக்குது. மிச்சம் ஆறும் நமக்கு."

குடை பின்னால் சிறுத்துப் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குத் துறையில் கயிறு கட்டினேன். பேருந்து நின்றுகொண்டிருந்தது. கையிலிருந்த எண்ணெயைக்கூடத் துடைக்காமல் ஓடினார்.

மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவும் வந்துட்டே இருக்கேன்னுதான் சொல்வீங்க" என்றாள். "இன்னிக்குத்தான்பா வந்திருக்கீங்க."