வடத்தில் கை வைத்தால்

தனக்குக் கையெழுத்து கிடைக்காததைக்கூட யோகேஸ்வரி பொறுத்துக்கொண்டிருப்பாள். அது சிநேகாவுக்குக் கிடைத்ததுதான் அவள் வயிற்றைப் போட்டு எரித்தது.

சென்னையிலிருந்து ஒரு கால்பந்து அணி, டி.வி.யில் வருகிற அணி, மாமல்லபுரத்தை ஒட்டிய ரிசார்ட்டில் பயிற்சிக்காக வந்து தங்கியிருந்தது. பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து வேறு வேலையே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டுக்குள் வீசிவிட்டு ரிசார்ட்டின் கடல் பக்கத்து வேலியில் போய்த் தொங்கினார்கள். நோட்டு, சட்டை, தொப்பி, ஒருத்தனுக்குக் கையில் போட்டிருந்த மாவுக்கட்டு என்று எதிலாவது ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாட்ச்மேன் விரட்டுவார். நாலடி தள்ளிப் போய்விட்டு மறுபடி வந்து தொங்குவார்கள்.

யோகேஸ்வரிக்கு எல்லாருடைய கையெழுத்தும் வேண்டாம். கோல் கீப்பர் ஆல்வின் போட்டால் போதும். அவளும் கோல் கீப்பர்தான். செங்கல்பட்டில் நடந்த பள்ளிகள் போட்டியில் கடைசி நிமிஷப் பெனால்டியைப் பாய்ந்து பிடித்தவள் அவள். பேப்பரில் போட்டோ வந்தது என்னவோ அதே டீமில் ஒரே ஒரு கோல் அடித்த சிநேகாவுக்கு. கோல் அடிப்பவளுக்குத்தான் கைதட்டல், தடுப்பவளுக்கு முழங்கால் சிராய்ப்பு. இது எந்த ஊர் நியாயம் என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பி.டி. மாஸ்டர் ஜானகிராமன் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ஜோடி கீப்பர் கையுறை கொடுத்தார். அதில்தான் ஆல்வின் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகவே ஷாம்பு போட்டுத் துவைத்துக் கொடியில் காயவைத்திருந்தாள்.

மூன்று நாள் வேலியில் முதல் ஆளாக நின்றது யோகேஸ்வரி. நாலாம் நாள் சாயங்காலம் தண்ணீர் லாரி வந்துவிட்டது. அம்மா கன்னியம்மா கத்திய கத்தலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வருவதற்குள் ஆல்வின் வெளியே வந்து, பேசி, சிரித்து, உள்ளே போயும் விட்டார்.

"எங்கடீ போன?" என்று சிநேகா ஓடி வந்தாள். கையெழுத்துப் போட்ட பந்தை மூக்குக்கு நேராக நீட்டினாள். "பாரு, எம்பேரு எழுதி போட்டு குடுத்தாரு. வியாசர்பாடியாம். செம ஜாலியா பேசிகினு இருந்தாரு."

"நீ இன்னா கீப்பரா? உனுக்கு எதுக்குடீ அவரு கையெழுத்து?"

"கேட்டேன், போட்டாரு. அதுக்கு இன்னா இப்ப?"

யோகேஸ்வரி வெடுக்கென்று திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் அணி கிளம்புகிறது என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். காலையில் பெரியப்பா ஜம்புலிங்கத்தின் கரைவலையை இழுத்தார்கள். குப்பமே இறங்கி இழுக்கும் வலை அது. கடலுக்குள் அரைவட்டமாக விட்ட வலையின் இரண்டு முனை வடங்களையும், நடுவே நல்ல இடைவெளி விட்டு இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் பக்கத்தில் வரும். கடைசியில் மீன் நிறைந்த மடி, வலையின் நடுப்பை, கரையேறும். வடத்தில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் கை வைத்தவர் மடி ஏறும்வரை விடக்கூடாது. பாதியில் விட்டால் மீனும் பாதியில் போய்விடும் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோவுக்காகக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போவதுண்டு. அவர்களிடம் யாரும் இந்தச் சட்டம் பேசுவதில்லை.

யோகேஸ்வரி அப்பா அப்பாசாமியோடு தெற்கு வடத்தில் நின்றாள். கையுறையையும் பேனாவையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். வடக்கு வடத்தில் சிநேகா.

அணி கடற்கரையில் ஓடிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு ஓட, ஆல்வின் மட்டும் நின்றார். சிநேகா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவர் நேராகப் போய் அவளுக்குப் பின்னால் நின்று வடத்தைப் பிடித்தார்.

அங்கேயும் அவள்தானா! ஆல்வின் ஏதோ கேட்கிறார், சிநேகா ஏதோ சொல்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அப்படி என்னதான் சொல்கிறாள்? கணக்கில் முப்பது மார்க் வாங்குகிறவளுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வருகிறது? யோகேஸ்வரிக்கு வடத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது.

"எங்கடீ பாத்துகினு கீற? வடத்த பாரு," என்றார் அப்பா.

சீக்கிரம் இழுத்தால் சீக்கிரம் பக்கத்தில் போகலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அப்போது தூரத்தில் பயிற்சியாளர் விசில் ஊதினார். ஆல்வின் வடத்தை விட்டு, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

யோகேஸ்வரி தொண்டை கிழியக் கத்தினாள். "வடத்துல கைய வச்சா மடி ஏறாம வுடக்கூடாது! பெரிப்பா, நீயே சொல்லு!"

ஜம்புலிங்கம் தர்மசங்கடமாகச் சிரித்தார். "அது நம்ப ஆளுங்களுக்கும்மா. அவரு பாவம், வெளியாளு."

"கைய வச்சாரு இல்ல? பங்கு குடுப்ப இல்ல? அப்ப சட்டமும் உண்டு!"

ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர், "பொண்ணு சொல்றது கரெக்டு தான்" என்றார். ஆல்வினும் சிரித்தார். பயிற்சியாளரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி வடத்தைப் பிடித்தார். யோகேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. அவரை நிறுத்தி வைத்தது சிநேகா இல்லை, அவள்!

நீரோட்டம் வலையைப் பின்னால் இழுத்தது. வடம் கனத்தது. உப்பும் மணலும் ஏறிய வடம் அது. குப்பத்துக் கைகள் சின்ன வயதிலிருந்து அதில் காய்த்துப் போனவை. ஆல்வினின் கைகள் கையுறைக்குள் வளர்ந்தவை. அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"யோகி!" என்று சிநேகா கத்தினாள். "கிளவுஸ தூக்கி போடுடீ! அண்ணனுக்கு கை எரியுதாம்!"

தூக்கிப் போட்டால் போய் விழும் தூரம்தான். ஆனால் அதை எடுத்துக் கொடுக்கப் போவது சிநேகா. சிநேகா கையால் வாங்கி மாட்டிக்கொள்வார், சிநேகாவுக்கு நன்றி சொல்வார். துவைத்துக் காயவைத்த கையுறை உப்பிலும் மணலிலும் நாறிப் போகும், கையெழுத்தும் ஒட்டாது.

"யோகி! காது கேக்கல?"

கேட்டது. கேட்காதவள்போல் குனிந்து இழுத்தாள்.

மடி கரையேறியதும் கூச்சல் எழுந்தது. நெத்திலியும் காரைப்பொடியும் துள்ளின. யோகேஸ்வரி ஒன்றையும் பார்க்கவில்லை. கவரைப் பிரித்துக்கொண்டே ஓடினாள். "அண்ணா, கையெழுத்து!" என்று கையுறையையும் பேனாவையும் நீட்டினாள்.

ஆல்வின் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினார். அது நழுவி மணலில் விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்து சிவந்திருந்தது. வந்து சேர்ந்த பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை மேட்ச்ச வச்சுகினு இன்னாப்பா பண்ணி வச்சிருக்க?" என்று சத்தம் போட்டார்.

"ஆறிடும் சார்," என்ற ஆல்வின், அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். ஈரம் படாத, ஷாம்பு வாசனை அடிக்கிற கையுறை.

"அந்தப் பொண்ணு கேட்டுகினே இருந்துச்சே, அது இதுவா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நீ கீப்பரா?"

அதற்கும் ஆட்டினாள்.

அவர் விரல் நுனியால் பேனாவை எடுத்து அந்தக் கையுறைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஜம்புலிங்கம் மீனைக் கூறு கூறாக மணலில் வைத்து, ஆல்வினைக் கூப்பிட்டு அவருடைய பங்கைக் காட்டினார்.

"ஓட்டல்ல இத வச்சுகினு நான் இன்னா பண்றது? சிநேகா எடுத்துகட்டும்," என்றார் ஆல்வின். கிளம்பும்போது கையைத் தூக்கி, "வரேன் சிநேகா!" என்றார். யோகேஸ்வரியின் பெயரை அவர் கேட்கவே இல்லை.

கூட்டம் கலைந்தது. சிநேகா இரண்டு பங்கையும் அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு வந்தாள். இப்போது வாயைத் திறப்பாள், ஏண்டீ குடுக்கல என்று கேட்பாள், கேட்டால் பதிலுக்கு என்னென்ன சொல்வது என்று யோகேஸ்வரி வரிசையாக யோசித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

சிநேகாவோ யோகேஸ்வரியின் கூறுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆல்வினின் பங்கைப் பாதியாகப் பிரித்து, பெரிய மீனாகப் பார்த்து இந்தப் பக்கம் தள்ளினாள்.

"அவரு நின்னதே உன்னால தான? பாதி உன்னுது. எடுத்துக்கோ," என்றாள். குரலில் கேலி இருக்கிறதா என்று யோகேஸ்வரி தேடித் தேடிப் பார்த்தாள். இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பாள். அதற்கும் வழி வைக்கவில்லை அவள்.