வேலை இல்லாத வீடு

என் விரலை எடுத்த கம்பெனியே எனக்குத் தையல் மெஷின் கொடுக்கப் போகிறது என்ற செய்தியை நாகராஜன்தான் வந்து சொன்னான். பூரணாங்குப்பத்துக்காரி கொண்டுவந்த சங்கரா மீனை வாசலில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல் இல்லாத வலது கையில் மீன் நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். அவன் பைக்கை விட்டு இறங்கவில்லை.

"மாற்றுத்திறனாளி பெண்களுக்கு மெஷின் குடுக்கறாங்க தஸ்லீமா. உன் பேர நான்தான் சொன்னேன். ஃபிரான்சுலேர்ந்து ஒரு மேடம் வராங்க. கைய நல்லா தெரியறா மாதிரி வச்சிக்க. எப்டி போச்சுன்னு கேட்டா கரும்பு ஜூஸ் மெஷின்ல மாட்டிக்கிச்சின்னு சொல்லிடு."

எங்கள் தெருவில் மணி தைக்காத பெண் கிடையாது. பழைய கட்டிலின் நாடாவை அவிழ்த்துவிட்டு, அந்தச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கழுத்து ஒடியக் குனிந்து பாசிமணியால் நீலப்பூ தைப்போம். அந்தத் துணி கம்பெனியில் கைப்பையாகிக் கப்பல் ஏறும். மூட்டையைக் கொண்டுவந்து போடுவதும் தைத்ததை எடுத்துப்போவதும் நாகராஜன். அபிஷேகப்பாக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பம். கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சட்டைப்பையில் அட்டை மாட்டியிருப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். கப்பல் தேதி நெருங்கிவிட்டது என்று அவன் விரட்டிக்கொண்டிருந்தபோது ஊசி முறிந்து என் விரல் கணுவுக்குள் இறங்கிவிட்டது. "துணி சுத்திக்கினு தை, ரெண்டு நாள்தான்" என்றான். தைத்தேன். விரல் வீங்கிச் சீழ் கோத்துக் கறுத்துப்போய்க் கடைசியில் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கம்பெனி ஆள் என்று தெரிந்தால் வைத்தியத்துக்கு வழி உண்டு என்று நர்ஸம்மா சொன்னதை நம்பி, என் வீட்டுக்காரர் ஹபீப் முகமது கம்பெனி கேட்டில் போய் நின்றார். செக்யூரிட்டி எதிரில் நாகராஜன் அவரை ஏற இறங்கப் பார்த்து, "யாருங்க நீங்க? அந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் வேல செய்யலயே" என்றானாம். பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பிரியாணி தின்றவன்! இன்னொரு கரண்டி போடுங்க மச்சான் என்று அவரிடமே தட்டை நீட்டியவன். விரல் போனதற்கு அழுது முடித்துவிட்டேன். அந்த 'யாருங்க நீங்க' மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. என்றைக்காவது ஒருநாள், ஊர் பார்க்க, நான் யார் என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அவனே மறுபடி வந்தான். இந்தத் தடவை பைக்கை விட்டு இறங்கினான்.

"ஒரு உதவி பண்ணணும். அந்த மேடம் திடீர்னு தெருவுல நடந்தாலும் நடப்பாங்க. எல்லா வூட்லயும் துணி கெடக்குது. உன் வூடுதான் வேல இல்லாத வூடு, ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. மூட்டய எல்லாம் உங்கிட்ட போட்டு பூட்டிடலாமா?"

இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததை அவன் பயம் என்று எடுத்துக்கொண்டானா, மெஷினுக்கான நன்றி என்று எடுத்துக்கொண்டானா தெரியாது. "கொண்டாந்து போடுண்ணே" என்றேன். என் குரலில் அத்தனை தேன் எங்கிருந்து வந்ததோ!

தெருவே தூக்கிக்கொண்டு வந்து போட்டது. கடைசி மூட்டையோடு வந்த பக்கத்து வீட்டு ஜெயசுதா போகாமல் நின்றாள். எனக்கு விரல் அழுகிய நாட்களில் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, இன்னா நெனச்சிகினு இருக்க நீ?"

"ஒண்ணுமில்லடி."

"வூட்ல வச்சி தைக்க குடுத்தது தெரிஞ்சா, பை வாங்கற அந்த ஃபிரான்சு அம்மா ஆர்டர நிறுத்திடுவாங்கன்னு சொல்றாங்க. எம்பொண்ணு இப்பதான் நர்சிங் சேந்துருக்கா. எங்க அடுப்ப அணைச்சிடாதக்கா."

அவள் பயம் நியாயம்தான். நான் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்று படுக்கை ஜெயசுதா வீட்டில்தான். எங்கள் வீட்டில் கால் நீட்ட இடமில்லை.

கிருமாம்பாக்கம் கல்யாண மண்டபத்தில் 'ஒவ்வொரு மணியிலும் மனிதநேயம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அர்ச்சனா என்று ஒரு பெண், கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவாம், மைக்கைப் பிடித்தாள். "எங்க பையில இருக்கிற ஒவ்வொரு மணியும் எங்க ஃபேக்டரி கூரைக்குக் கீழதான் தைக்கப்படுது. எந்த வேலையும் வீடுகளுக்குப் போறதில்ல" என்று தமிழில் ஒரு தடவை, அந்தம்மாவுக்காக இங்கிலீஷில் ஒரு தடவை சொன்னாள். எங்கள் தெருப் பெண்கள் கைதட்டினார்கள். நேற்று மத்தியானம் வரை அந்த மணியைத் தைத்த கைகள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

ஃபிரான்சு அம்மாவுக்கு நரைத்த தலை. வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தோளில் அந்தக் கம்பெனிப் பை, அதில் எங்கள் நீலப்பூ. மேடைக்கு என்னைக் கூப்பிட்டு, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"விரல் எப்படிப் போச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் அர்ச்சனா. மேடைக்குக் கீழே நாகராஜன் கரும்பைச் செருகிச் சக்கரம் சுற்றுவதுபோல் ஜாடை காட்டினான்.

"வூட்டுக்கு வாங்க, சொல்றேன். எங்க வூட்டு வாசல மிதிச்சி ஒரு டீ குடிக்காம போவக் கூடாது."

அர்ச்சனா தயங்கினாள். அந்தம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "டீ! வீடு!" என்று குழந்தை மாதிரி சிரித்தாள். வந்து இறங்கியதிலிருந்து கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான் போலிருக்கிறது. டைம் இல்லை, வீடு ரொம்பச் சின்னது என்று நாகராஜன் ஓடி வருவதற்குள் படியிறங்கிவிட்டாள்.

முன்னால் ரிப்பன் கட்டிய மெஷினோடு மினி லாரி, பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் தெருவே. நாகராஜன் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தான். அவன் கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பார்க்க எனக்கு அத்தனை குளிர்ச்சியாக இருந்தது.

"தஸ்லீமா, வேணாம். இன்னா வேணும் கேளு, செய்யறேன்."

"வெரல் வேணும்ண்ணே."

பின்னாலேயே வந்த ஜெயசுதா என் முழங்கையைக் கிள்ளினாள். அவளுக்காகத்தான் அடுத்த வார்த்தையைச் சொன்னேன்.

"சரி, கதவ தெறக்கல. ஜெயசுதா வூட்லேர்ந்து டீ வாங்கி வாசல்லயே ஒக்கார வச்சி அனுப்பிடறேன். ஒண்ணே ஒண்ணு. இவ எங்ககிட்ட வேல செஞ்சவ, அதுலதான் வெரல் போச்சுன்னு அந்தம்மாகிட்ட உன் வாயால சொல்லு."

"சொல்லிடுண்ணே" என்றாள் ஜெயசுதா. "சொல்லிட்டா மூட்ட வெளிய தெரியாது, தெருவு தப்பிச்சிக்கும்."

வாசலுக்கு வந்துவிட்டோம். அந்தம்மா பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கேட்டாள். எப்படிப் போனது?

"அண்ணனுக்குத் தெரியும்" என்று நான் ஒதுங்கி நின்றேன்.

நாகராஜன் அர்ச்சனாவைப் பார்த்தான். சட்டைப்பை அட்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"கரும்பு மெஷின் மேடம். பாவம். நமக்கு முன்னபின்ன பழக்கமில்லாதவங்க."

சாவியை எடுத்துவிட்டேன், ஆனால் அவசரத்தில், விரல் இல்லாத கையில் அது மீன் மாதிரி வழுக்கியது. பூட்டின் துளையில் சாவி நுழையவில்லை. இரண்டு வருஷமாக இந்தக் கணத்துக்காகவே உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பூட்டைத் திறக்கத் துப்பில்லையே என்று அழுகை முட்டியது.

"குடுக்கா."

ஜெயசுதா என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். அவள் நாகராஜனை ஒரு பார்வை பார்த்தாள், அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் கண்டதில்லை. பூட்டைத் திறந்து கதவைக் காலால் தள்ளினாள். உள்ளே கூரை தொட அடுக்கியிருந்ததில் மேல் மூட்டை சரிந்து வாசற்படியில் விழுந்து வாய் திறந்தது. நீலப்பூக்கள் படியெல்லாம் கொட்டின.

அந்தம்மா குனிந்து ஒன்றை எடுத்தாள். தோளிலிருந்த பையைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வீடு?" என்று கேட்டாள். இப்போது சிரிப்பு இல்லை.

ஜெயசுதா தலையாட்டினாள். தன் வீட்டைக் காட்டினாள். அதற்கு எதிர்வீட்டைக் காட்டினாள்.

அந்தம்மா என் கையைப் பார்த்து இன்னொன்று கேட்டாள். அர்ச்சனா மொழிபெயர்க்கவில்லை. யாரால் என்று கேட்கிறாள், எனக்குப் புரிந்தது. வழக்கமாக வெளியார் முன் முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கும் வலது கையைத் தூக்கி நாகராஜனை நோக்கி நீட்டினேன். காட்ட வேண்டிய விரல் அங்கே இல்லை. தெரு முழுக்க அவன் பக்கம் திரும்பியது.